வெயில் படாத இடத்தில் வரும் புற்று

சித்திரை மாதத்தில் கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனை ரோட்டில் போகிறவருக்கு நிழல் என்று கிடைப்பது சீமைக்கருவேலமும் அங்கொன்று இங்கொன்றாக நிற்கும் வேம்பும்தான். அறுவடை முடிந்த கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். இந்த வெயிலில் ஆயுசு முழுக்கக் காட்டு வேலை பார்க்கும் சனங்களுக்குத் தோல் புற்றுநோய் நிறைய வர வேண்டும் என்று வெளியூர்க்காரர் நினைத்தால் அதில் வியப்பில்லை. கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. தோல் புற்றுகளில் கொடியதான மெலனோமா ஆஸ்திரேலியாவில் ஆண்டுக்கு லட்சம் பேரில் முப்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு வருகிறது. இந்தியாவின் புற்றுநோய்ப் பதிவேடுகளில் அது லட்சத்துக்கு ஒன்றைக்கூட எட்டவில்லை. கருத்த தோலில் நிறைந்திருக்கும் மெலனின், வெயிலின் புற ஊதாக் கதிரைப் பெரும்பாலும் மேலேயே தடுத்துவிடுகிறது.

குறைவாக வருகிற நோயை மருத்துவர் எதிர்பார்ப்பதில்லை. எதிர்பாராததைக் கண் பார்ப்பதுமில்லை. வருகிற சிலருக்கும் அது பாடப்புத்தகத்துப் படத்தில் இருக்கிற இடத்தில் வருவதில்லை என்பதுதான் பெரிய இடைஞ்சல். முதுகில், கெண்டைக்காலில், சிவந்த கன்னத்தில் வரும் புற்றைப் படித்துவிட்டு வரும் மருத்துவரிடம், உள்ளங்காலிலும் நகத்தடியிலும் முப்பது வருடத் தீத்தழும்பிலும் வந்த புற்றோடு சனங்கள் போய் நிற்கிறார்கள். மருத்துவர்களுக்கான தொடர்கல்வி பற்றி நாட்டில் எவ்வளவோ பேசப்படுகிறது. தோல் புற்று விஷயத்தில் அந்தக் கல்வி யாருடைய தோலைப் பார்த்து எழுதப்பட்டது என்பதை முதலில் கேட்க வேண்டியிருக்கிறது.

உள்ளங்காலிலிருந்து தொடங்கலாம். மெலனோமாவைச் சந்தேகிக்க உலகெங்கும் சொல்லித்தரப்படும் பாலபாடம் 'ஏபிசிடி'. 1985-இல் நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவர்கள் வகுத்தது. மச்சத்தின் ஒரு பக்கம்போல் மறுபக்கம் இல்லாமை, ஓரம் ஒழுங்கின்மை, பல நிறம், 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட அகலம் ஆகிய நான்கையும் பார்க்கச் சொல்கிறது. உடம்பில் மச்சம் நிறைந்த வெள்ளைக்காரர்களுக்கு நல்ல பாடம். நம் நாட்டு மருத்துவமனைகளுக்கு வரும் மெலனோமா நோயாளிகளில் பெரும்பங்கினருக்கு நோய் பாதத்தில் இருக்கிறது. உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தடி ஆகிய இடங்களில் வரும் இந்த வகைக்கும் வெயிலுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. எவ்வளவு கருத்தவருக்கும் உள்ளங்கால் வெளுத்துத்தான் இருக்கிறது.

பசுவந்தனைப் பக்கத்தில் ஒருவர் காலில் கறுப்பாக ஏதோ இருக்கிறதென்று மருத்துவரிடம் காட்டினால், அவரே நோயின் பெயரையும் சொல்லிவிடுவார்: "முள்ளு ஒடிஞ்சு உள்ளயே கெடக்கு டாக்டரய்யா." கருவேல முள் மிதிக்காத கால் இந்தப் பக்கத்தில் கிடையாது என்பதால் அந்தப் பேச்சை மறுக்கவும் தோன்றாது. முள் இல்லையென்றால் கால் ஆணி. மெடிக்கலில் விற்கும் ஆணிப் பிளாஸ்திரியை ஒட்டுவார்கள், பிளேடால் சீவுவார்கள், சுட்டுக்கொள்வார்கள். சர்க்கரை நோயாளியாக இருந்தால் அது சர்க்கரைப் புண் ஆகிவிடும். தினமும் கட்டு மாற்றுவதிலேயே மாதங்கள் ஓடிவிடும். இவை தொண்ணூற்றொன்பது பேருக்குச் சரியான முடிவாகவே இருக்கும். நூறாவது ஆளை எப்படிப் பிரித்தெடுப்பது என்பதுதான் கேள்வி.

பாதத்துக்கென்றே ஒரு நினைவுக்குறிப்பு 2010-இல் இங்கிலாந்திலிருந்து வந்தது. 'க்யூப்ட்' என்று அதற்குப் பெயர். பாதத்தில் உள்ள புண்ணிலோ கட்டியிலோ தோல் நிறத்துக்கு மாறான நிறம் இருக்கிறதா. நோய் இன்னதென்று உறுதியாகத் தெரியவில்லையா. ரத்தமோ நீரோ கசிகிறதா. மருந்துக்குப் பிறகும் பெரிதாகிறதா. இரண்டு மாதம் கடந்தும் ஆறவில்லையா. ஐந்தில் இரண்டுக்கு ஆமென்று பதில் வந்தால் மேலே அனுப்ப வேண்டும். இது தோல் நிபுணருக்கு எழுதப்பட்டதில்லை, பாதம் பார்க்கிறவர்களுக்கு எழுதப்பட்டது. கட்டு மாற்றும் செவிலியருக்கும் சொல்லித்தரலாம். நோயாளியைவிட அந்தப் புண்ணை அதிக நாள் உற்றுப் பார்ப்பவர் அவர்தான்.

இன்னும் ஒரு படி மேலே போனால் டெர்மாஸ்கோப் இருக்கிறது. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியும் ஒளியும் சேர்ந்த கையடக்கக் கருவி. உள்ளங்கால் தோலை இதன் வழியாகப் பார்த்தால் உழுத காட்டைப் போல மேடும் சாலும் மாறி மாறி ஓடுவது தெரியும். ஜப்பானின் ஷின்ஷூ பல்கலைக்கழகத்துத் தோல் மருத்துவர் தோஷியாக்கி சைதா இதில்தான் ஒரு எளிய விதியைக் கண்டார். கருநிறம் சாலில் ஓடினால் அது பெரும்பாலும் சாதாரண மச்சம். மேட்டில் ஓடினால் மெலனோமா என்று எடுத்துக்கொள்ள வேண்டும். 2004-இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில், மேட்டில் ஓடும் கோலம் மெலனோமாக்களில் 86 விழுக்காட்டைக் காட்டிக்கொடுத்தது. சாதாரண மச்சங்களில் 99 விழுக்காட்டில் அது இல்லை. தோல் படிப்பில் இவ்வளவு தெளிவான விதிகள் அபூர்வம். ஆசியப் பாதங்களைப் பார்த்து ஆசிய மருத்துவர் கண்டது இது. அரை மணி நேரத்தில் கற்றுத்தரக்கூடியது. நகத்தில் மட்டும் கொஞ்சம் நிதானம் தேவை. கருத்தவர்களின் நகங்களில் கறுப்புக் கோடு இயல்பாகவே இருக்கும், பல விரல்களில் இருக்கும். ஒரே விரலில் புதிதாகத் தோன்றி, அகன்றுகொண்டே போய், நகத்தைத் தாண்டித் தோலிலும் கறுப்பு இறங்கினால்தான் கவலை.

மெலனோமா தோலுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதே நோயாளியின் விதியை நிர்ணயிக்கிறது என்று 1970-இல் மருத்துவர் அலெக்சாண்டர் பிரெஸ்லோ காட்டினார். ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தால் வெட்டியெடுப்பதோடு பெரும்பாலும் கதை முடிந்துவிடும். ஆணி என்று சீவிச் சீவி ஒரு வருடம் போக்கியபின் அரையில் நெறி கட்டிக்கொண்டு வருகிறவருக்குச் சென்னையிலும் செய்யக்கூடியது அதிகமில்லை.

அடுத்தது தழும்பு. கரிசல் பூமியின் தோல் புற்றுக் கதையில் இதுதான் அதிகம் பேசப்பட வேண்டியது. பேசப்படாததும் இதுதான் என்பது என் எண்ணம். பழைய தீக்காயத் தழும்பில் ஆறாத புண் தோன்றி, அது புற்றாக மாறுவதற்கு மார்ஜோலின் புண் என்று பெயர். பிரெஞ்சு அறுவை மருத்துவர் ழான் நிக்கோலா மார்ஜோலின் 1828-இல் தழும்பில் வரும் புண்களை விவரித்தார். அவர் அதைப் புற்று என்று சொல்லவில்லை. அவர் பெயரைத் தழும்புப் புற்றுக்கு 1903-இல் வைத்தவர் அமெரிக்கரான டா கோஸ்டா. பழைய நூல்களின் கணக்குப்படி தீத்தழும்புகளில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ இப்படி மாறக்கூடும். காயம் பட்டதிலிருந்து புற்று தோன்ற ஆகும் காலம் சராசரியாக முப்பது வருடம். வெயிலால் வரும் செதிள் செல் புற்றைவிட இது முரடானது, நெறிகளுக்கு வேகமாகப் பரவும்.

இப்போது கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்தை நினைத்துப் பாருங்கள். தீப்பெட்டி ஆபீசும் பட்டாசு ஆபீசும் மூன்று தலைமுறைக்குச் சோறு போட்ட ஊர்கள். மழையை நம்பிய காடு ஏமாற்றும்போதெல்லாம் குடும்பம் குடும்பமாகக் குச்சி அடுக்கப் போனார்கள். முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டி விபத்து நாட்டுக்கே தெரியும். இறந்தவர்களைக் கணக்கெடுத்தார்கள். வெந்த தோலோடு பிழைத்து வீடு திரும்பியவர்கள் அந்தந்த ஊரில் வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். பத்திரிகையில் வராத சின்ன விபத்துகள், மண்ணெண்ணெய் ஸ்டவ் வெடித்தவை, கரிமூட்டத்தில் கால் புதைந்தவை இவற்றுக்கு அளவேயில்லை. முப்பது வருடக் கணக்கைப் போட்டால், 1990-களில் வெந்த தோல் இப்போதுதான் அந்த வயதுக்கு வருகிறது. முழங்கால் பின்புறம், முழங்கை மடிப்பு என்று தழும்பு இழுத்துப் பிடித்துக்கொண்ட இடங்களில் ஒவ்வொரு அசைவிலும் தோல் வெடிக்கிறது. தோல் ஒட்டுப் போடாமல் தானாக ஆறவிட்ட தழும்புகளில் ஆபத்து கூடுதல். அந்தக் காலத்துத் தழும்புகள் பல அப்படி ஆறியவைதான்.

இங்கே மருத்துவர் செய்ய வேண்டியது எளிது, ஆனால் செய்யத் தயங்குவது: சதை எடுத்துப் பரிசோதிப்பது. "கத்தி வெச்சா பரவிரும்" என்ற பயம் ஊரில் ஆழமாக இருக்கிறது. சில மருத்துவர்களிடமும் அரைகுறையாக இருக்கிறது. மரத்துப்போகும் ஊசி போட்டு, மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலப் பஞ்ச் கருவியால் சதை எடுப்பது பத்து நிமிட வேலை. கற்றுக்கொள்ள வேண்டிய நுணுக்கம் எங்கே எடுப்பது என்பதில் இருக்கிறது. தழும்புப் புண்ணில் ஒரே இடத்தில் எடுத்தால் புற்று தப்பிவிடலாம். தடித்த விளிம்பில் ஒன்று, நடுவில் ஒன்று என்று பல இடங்களில் எடுக்க வேண்டும். மெலனோமா என்று சந்தேகம் வந்தால் மேலாகச் சீவி எடுக்கக் கூடாது, ஆழம் அளக்க முடியாமல் போய்விடும். ஒரு பரிசோதனையில் புற்று இல்லை என்று வந்தும் புண் ஆறவில்லையென்றால் மறுபடி எடுக்க வேண்டும். இந்த நாலைந்து வாக்கியங்களைக் கையில் கருவியோடு ஒரு முறை செய்து பார்த்தவர் மறப்பதில்லை.

பாதத்தையும் தழும்பையும் விட்டால் மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பேசல் செல் புற்று நம்மவர் முகத்தில் பெரும்பாலும் கறுப்பாகவே வரும். மூக்கோரம், கண்ணோரம் மினுமினுக்கும் கறுப்பு மணியாக. மறு என்று நினைத்துச் சுண்ணாம்பும் சோடாவும் குழைத்து வைத்துச் சுட்டுக்கொண்டபின் வருகிறவர்கள் உண்டு. இடுப்பில் வேட்டி இறுக்கிய தடத்தில் வரும் புற்றை 1945-லேயே ஆய்வாளர்கள் கானோல்கரும் சூர்யாபாயும் எழுதினார்கள். 2024 நவம்பரில் மகாராஷ்டிரத்திலிருந்தும் பீகாரிலிருந்தும், சேலைக்கட்டு இறுக்கிய தடத்தில் இதே புற்று வந்த இரண்டு பெண்களின் கதையை 'பிஎம்ஜே கேஸ் ரிப்போர்ட்ஸ்' வெளியிட்டபோது உலகப் பத்திரிகைகள் புதுச் செய்தியாகப் பேசின. நீண்ட நாள் பாஷாண மருந்து சாப்பிட்டவர்களின் உள்ளங்கையில் மணி மணியாகத் தோல் தடித்தால் ஆர்செனிக்கை நினைக்க வேண்டும். 1983-இல் கொல்கத்தாவில் கே.சி.சாஹா கிணற்று நீர் ஆர்செனிக்கைக் கண்டுபிடித்ததே இப்படித் தோலைப் பார்த்துத்தான். சொந்தத்தில் கல்யாணம் மிகுந்த மாவட்டங்களில் ஜீரோடெர்மா பிக்மென்டோசம் என்ற பரம்பரை நோயையும் ஞாபகத்தில் வைக்க வேண்டும். வெயில் பட்ட இடமெல்லாம் புள்ளி புள்ளியாகக் கறுத்து, பத்து வயதுக்குள்ளேயே தோல் புற்று வரும் குழந்தைகள் இவர்கள். பிறவியிலேயே தோல் வெளுத்தவர்களுக்குத் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் மருந்துக்குச் சமம். அவர்கள் விஷயத்தில் மட்டும் ஆஸ்திரேலியப் பாடம் அப்படியே பொருந்துகிறது.

சரி, இதையெல்லாம் மருத்துவர் எங்கே கற்கிறார்? எம்.பி.பி.எஸ். படிப்பில் தோல் இயலுக்குத் தனித் தேர்வு கிடையாது. பொது மருத்துவத் தாளுக்குள் சில மதிப்பெண்கள், வார்டில் சில வாரங்கள், அவ்வளவுதான். படிப்பு முடிந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார்ந்தால் வருகிறவர்களில் பெரும் கூட்டம் அரிப்பும் படையும் சிரங்குமாக இருக்கிறது. படிப்பில் ஒதுங்கிக் கிடந்த பாடம் வேலையில் நடுவில் வந்து நிற்கிறது. 2002-ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் கவுன்சிலின் நன்னடத்தை ஒழுங்குமுறை, மருத்துவர் ஐந்தாண்டுக்கு 30 மணி நேரமாவது தொடர்கல்வியில் பங்கேற்க வேண்டும் என்கிறது. வருடத்துக்கு ஆறு மணி நேரம். மாநிலக் கவுன்சில்கள் இதைக் கிரெடிட் பாயிண்ட் கணக்கில் வைக்கின்றன. எந்தப் பாடத்தில் என்று யாரும் கேட்பதில்லை. பசுவந்தனைப் பக்கம் வேலை பார்ப்பவர் மதுரை ஓட்டல் மண்டபம் ஒன்றில் இதய அடைப்புக்கான புது மருந்து பற்றிக் கேட்டுவிட்டு வந்தாலும் கணக்கு நேராகிவிடும்.

அந்த மண்டபத்துக்குக் காசு கொடுப்பவர் யார் என்பதைப் பார்த்தால் பாடத்திட்டம் புரியும். தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் அறிவித்த ஒழுங்குமுறை, மருந்து நிறுவனங்களின் பணத்தில் நடக்கும் கல்வி நிகழ்ச்சிகளில் மருத்துவர்கள் கலந்துகொள்ளக் கூடாது என்றது. அதே மாதத்தில் அது நிறுத்திவைக்கப்பட்டது. 2024 மார்ச்சில் வந்த மருந்து விற்பனை நெறிமுறை, நிபந்தனைகளோடு நிறுவனங்கள் கல்வி நிகழ்ச்சி நடத்த இடம் கொடுத்தது. நிறுவனங்களைத் திட்டுவது என் நோக்கமில்லை. விற்பதற்குப் பொருள் உள்ள பாடத்தைத்தான் அவர்கள் நடத்துவார்கள், அது இயற்கை. பூஞ்சை மாத்திரைக்கும் களிம்புக்கும் வகுப்பு உண்டு. ஆணியா புற்றா என்று பார்க்கச் சொல்லும் வகுப்பில் விற்க என்ன இருக்கிறது? ஒரு பஞ்ச் கருவி, கொஞ்சம் ஃபார்மலின். அரசும் பல்கலைக்கழகமும் நடத்தாவிட்டால் இந்த வகுப்பு நடக்காது.

களிம்பின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். மெடிக்கலில் கேட்டதும் கிடைத்த ஸ்டீராய்டு களிம்புகளால் நாடு முழுக்கப் படை நோய் முரடாகிப்போனது. தோல் மருத்துவர் சங்கமான ஐ.ஏ.டி.வி.எல். பல வருடம் போராடியபின், 2018-இல் 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் மத்திய அரசு சேர்த்தது. பூஞ்சைப் படையைப் போலவே தோற்றமளிக்கும் இன்னொன்று உண்டு. 1912-இல் பாஸ்டனின் ஜான் பௌவென் விவரித்த, தோலின் மேலடுக்கோடு நிற்கும் ஆரம்பப் புற்று. ஒரே ஒரு படை, அதிகம் அரிக்காது, ஓரம் தெளிவாக இருக்கும், வருடக்கணக்கில் மெல்லப் பெரிதாகும். களிம்பு போட்டால் சிவப்பு குறைந்து போக்குக் காட்டும், போகாது. இரண்டு முறை ஒழுங்காக மருந்து போட்டும் மாறாத ஒற்றைப் படையைச் சதை எடுத்துப் பார் என்ற ஒரு விதி போதும்.

குறுகிய பயிற்சியால் பொது மருத்துவரின் கண் மாறுமா என்ற கேள்விக்கு ஆதாரம் இருக்கிறது. பார்சிலோனாவிலும் நேப்பிள்ஸிலும் 73 பொது மருத்துவர்களுக்கு ஒரே ஒரு நாள் பயிற்சி கொடுத்து, ஒரு பகுதியினரை வெறுங்கண்ணாலும் இன்னொரு பகுதியினரை டெர்மாஸ்கோப்பாலும் பார்க்கச் செய்த ஆய்வு 2006-இல் வெளியானது. சந்தேகப்பட வேண்டியவற்றில் வெறுங்கண் 54 விழுக்காட்டைக் கண்டது. கருவி 79 விழுக்காட்டை. தேவையில்லாமல் மேலே அனுப்புவது கூடவில்லை. அது ஐரோப்பியத் தோல்தான், ஒப்புக்கொள்கிறேன். மாலி நாட்டின் பமாக்கோவில் ஆரம்ப சுகாதார ஊழியர்களுக்கு அடிப்படைத் தோல் நோய்களில் குறுகிய பயிற்சி கொடுத்த அனுபவத்தை 2005-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழ் வெளியிட்டது. சரியான முடிவும் சரியான மருந்தும் பெற்ற நோயாளிகள் பாதிக்கும் குறைவாக இருந்த நிலை மாறி முக்கால் பங்குக்கு மேல் உயர்ந்தது, மருந்துச் செலவும் இறங்கியது. மாலி நமக்குப் பக்கத்து வீடு மாதிரி: கருத்த தோல், காட்டு வேலை, தூரத்து மருத்துவமனை. வழக்கமான கல்விக் கூட்டங்களின் பலன் சிறியது. அவற்றை அலசிய காக்ரேன் மதிப்பாய்வு 2009-இல் கண்ட முன்னேற்றம் சுமார் 6 விழுக்காடு.

நியூ மெக்சிகோவில் மருத்துவர் சஞ்சீவ் அரோரா 2003-இல் தொடங்கிய 'எக்கோ' முறை வேறு வழியில் போனது. கிராமத்து மருத்துவர் தன் நோயாளியை வாரந்தோறும் காணொளியில் நிபுணர் முன் வைத்துப் பேசுகிறார், நோயாளி ஊரைவிட்டு நகர்வதில்லை. ஹெபடைட்டிஸ் சி நோயில் பல்கலைக்கழக மருத்துவமனைக்குச் சமமான குணம் அப்படிக் கிடைத்தது. இ-சஞ்சீவனி போன்ற தொலைமருத்துவ வசதி நம்மிடமும் இருக்கிறது. அதில் நோயாளியைக் காட்டுகிறோம், மருந்து வாங்குகிறோம். காட்டிய மருத்துவர் கற்றுக்கொள்வதற்கு அங்கே இடம் வைக்கப்படவில்லை. படம் எடுக்கவும் பழக்கம் வேண்டும். பகல் வெளிச்சத்தில், தூரத்திலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, அருகில் ஒரு ஸ்கேல் வைத்து ஒன்று.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி மருத்துவர் எதற்குப் படிக்க வேண்டும் என்பாரும் உண்டு. 2017-இல் ஸ்டான்ஃபோர்டு குழு 1,29,450 படங்களால் பழக்கிய கணினி, தோல் நிபுணர்களுக்கு இணையாகப் புற்றைப் பிரித்தது என்று உலகம் வியந்தது. 2022-இல் கருத்த தோல் படங்களைச் சேர்த்துச் சோதித்தபோது இத்தகைய மென்பொருள்களின் திறமை இறங்கிப்போனது. பழக்கிய படங்களில் நாம் இல்லை. மனிதருக்கு எழுதிய பாடத்தில் இருந்த குறைதான் இயந்திரத்துக்கும் போயிருக்கிறது.

தோலைப் பார்க்கத் தமிழ்நாடு புதிதாக வெளியிலிருந்து கற்றுவர வேண்டியதில்லை. தொழுநோய்த் திட்டம் தனித் துறையாக இருந்த நாட்களில், செங்கல்பட்டிலும் காரிகிரியிலும் பயிற்சி பெற்ற ஊழியர்கள் சைக்கிளில் ஊர் ஊராகப் போனார்கள். சட்டையைக் கழற்றச் சொல்லிப் பகல் வெளிச்சத்தில் முதுகு பார்த்தார்கள், பஞ்சால் தொட்டு உணர்ச்சி பார்த்தார்கள், பாதத்தைத் தூக்கிப் பார்த்தார்கள். 1990-களின் பிற்பகுதியில் அந்த வேலை பொதுச் சுகாதாரத்தோடு இணைக்கப்பட்டது. 2005 டிசம்பரில் நாட்டளவில் நோய் பத்தாயிரத்துக்கு ஒன்றுக்குக் கீழே போனது. வெற்றிதான். அந்த வெற்றியோடு, உடம்பு முழுக்கத் தோலைப் பார்க்கும் ஒழுக்கமும் ஓய்வு பெற்றுப் போய்விட்டது. இப்போது 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டு வாசலுக்கே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வருகிறது. தேசியத் தொற்றாநோய்த் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுகளுக்குச் சோதனை உண்டு. தோல் புற்றைத் தனியாகத் தேட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இவ்வளவு அபூர்வமான நோய்க்கு அது வீண் செலவு. சர்க்கரைக்காகக் கால் பார்க்கிற கை, உள்ளங்காலையும் ஒரு முறை திருப்பிப் பார்க்கலாம். தழும்பு இருக்கிறதா, அதில் புண் இருக்கிறதா என்று ஒரு கேள்வி கூடக் கேட்கலாம். 2025 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை தோல் நோய்களை உலகப் பொதுச் சுகாதார முன்னுரிமை என்று தீர்மானம் போட்டிருக்கிறது. கரிசலில் அந்தத் தீர்மானம் என்ன உருவம் எடுக்கும் என்பதை இங்கே உள்ளவர்கள்தான் முடிவு செய்ய முடியும்.

என்னைக் கேட்டால் அதற்கு ஓட்டல் வேண்டாம், வட்டார மருத்துவர்கள் மாதம் ஒரு முறை கூடும் கூட்டத்தில் அரை நாள் போதும். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி 2000-இலிருந்து இருக்கிறது. தோல் துறையிலிருந்தும் நோய்க்கூறு துறையிலிருந்தும் ஆளுக்கொருவர் வரட்டும். ஸ்லைடு குறைவாக இருக்கட்டும், நோயாளிகள் நேரில் வரட்டும்: ஒரு சாதாரண ஆணிக்கால், ஒரு சர்க்கரைப் புண், ஒரு பழைய தீத்தழும்பு. ஒவ்வொரு மருத்துவரும் ஒரு பஞ்ச் கருவியைக் கையில் பிடித்துச் செய்து பார்க்கட்டும். செவிலியர்களும் அதே அறையில் உட்காரட்டும். அதற்குக் கிரெடிட் பாயிண்டும் கொடுக்கட்டும். ஆறு மாதம் கழித்து, எடுத்த சதைகளின் ரிப்போர்ட்டுகளை வைத்துக்கொண்டு அதே ஆட்கள் மறுபடி கூடட்டும். எது தவறியது, எது பலித்தது என்று அப்போதுதான் தெரியும்.

ரிப்போர்ட் வர நாளாகும். அதற்குள் நோயாளி கரிமூட்டம் போட ராமநாதபுரம் பக்கமோ, பருத்தி எடுக்க வேறு காட்டுக்கோ போயிருப்பார். சீட்டில் அவர் எண்ணோடு இன்னொருவர் எண்ணும் இருக்க வேண்டும். ரிப்போர்ட் எந்தச் செல்போனுக்கு வரும், வந்ததும் ஆளைத் தேடிக் கூப்பிடுவது யார், தூத்துக்குடிக்கோ மதுரைக்கோ போக முதலமைச்சர் காப்பீட்டுக்கு எழுதித் தருவது யார் என்று அந்த அரை நாள் வகுப்பிலேயே ஆள் பெயர் சொல்லி எழுதிவைத்துவிட வேண்டும்.